கைதட்டாத ஆள்

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மூன்றாம் வரிசையில் ஒருவர் மட்டும், மடியிலிருந்த தோல்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தார்.

தெம்வா அவரையே பார்த்தாள். ஸோம்பா நகரில் நடந்த கூட்டத்திலும் இதே பழுப்புக் கோட்டுதான். ம்சூசுவிலும் இதே பைதான். இப்போது பிளான்டயரில், அப்பாவின் எண்பதாவது பிறந்தநாள் விழாவிலுமா!

அப்பா லும்பானி, அறிவியல் கதைகள் எழுதியே தலை நரைத்தவர். அதிபரே இல்லாத ஒரு நாட்டை நாவலில் கற்பனை செய்த குற்றத்துக்காக, அந்தக் காலத்தில் நான்கு வருஷம் சிறையில் கிடந்தார். இருந்த ஒரே கையெழுத்துப் பிரதியையும் எரித்துவிட்டதாகப் போலீஸ் சொல்லிவிட்டது.

அப்பா மைக்கைப் பிடித்தார். "எதிர்காலம்னா அது வெள்ளைக்காரன் ஊர்லதான் முதல்ல வந்து இறங்கும்னு யாருய்யா சொன்னது? நம்ம ஏரிக்கரையில இறங்கினா ஆகாதா?"

சிரிப்பு அடங்கியதும் அவர் குரல் தணிந்தது. "எரிஞ்சுபோன நாவலைப் பத்தி இதுவரைக்கும் நான் எங்கேயும் பேசினதில்ல. அதுல ஒரே ஒரு வரிதான் ஞாபகம் இருக்கு. 'நிலாவில் வலை வீசப் போனவள், கரையில் விட்டுவந்த நாயை நினைத்து அழுதாள்.'"

தெம்வா திரும்பிப் பார்த்தாள். அந்த ஆளின் உதடுகளும் அதே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தன.

தேநீர் இடைவேளையில், ஆளுக்கொரு மண்டாசிப் பணியாரத்தைக் கடித்தபடி நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அந்த ஆளின் வழியை மறித்தாள்.

"யாரு நீங்க? எதுக்கு எங்கப்பா பின்னாலயே வர்றீங்க?"

"போலீஸ்ல இருந்தவன்மா. அன்னிக்கு உங்க வீட்டைச் சோதனை போட்டது நான்தான்."

"அன்னிக்குப் பண்ணினது பத்தாதா? இந்த வயசுலயாவது அவரை நிம்மதியா இருக்க விடமாட்டீங்களா?"

அவர் தலைகுனிந்தார். பையைத் திறந்து, சணலால் கட்டிய ஒரு தாள்கட்டை எடுத்து நீட்டினார். மஞ்சளேறிய தாள்களில், வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து ஓடும் அப்பாவின் கையெழுத்து.

"ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொண்டுவந்தேன். அவர் முகத்தைப் பாத்துக் கொடுக்கத் தைரியம் வரல."

தெம்வா கட்டை வாங்கிக்கொண்டாள். "இதை... எரிச்சுட்டதாச் சொன்னாங்களே?"

"எரிக்கச் சொல்லித்தான் என் கையில கொடுத்தாங்க. நான் முதல் பக்கத்தைப் படிச்சுத் தொலைச்சுட்டேனே!"