நூற்றுப்பத்தில் ஒன்று சிவப்பு

துணைநூல் பட்டியலில் ஒரு கட்டுரையைச் சேர்த்தவர் அதைப் படிக்கவில்லை என்றால், பல்கலைக்கழகத்தின் புதிய மென்பொருள் அதைச் சிவப்பாக்கிவிடும். ஒன்று சிவந்தாலும் ஆய்வேட்டை ஏற்காது. உளவியல் ஆய்வாளர் புஷ்பவல்லிக்கு அன்று மாலைதான் கெடு. அவளுடைய நூற்றுப்பத்துக் கட்டுரைகளில் அவளுடைய நெறியாளர் ஆரோக்கியசாமியின் கட்டுரை மட்டும் சிவந்தது.

"என்னோடதையே படிக்கல. மத்த நூத்தி ஒன்பதையும் படிச்சேன்னு நான் நம்பணுமா?" திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எனக்கு மெஷின் மேலதான் சந்தேகம் சார். உங்க புதுக் கட்டுரையோட பட்டியலையும் போட்டுப் பாருங்களேன்."

போட்டார். அங்கேயும் அவர் பெயரில் வந்த அதே கட்டுரைதான் சிவந்தது.

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "சேரை இழுத்துப் போடும்மா. ரெண்டு பேரும் படிச்சிடலாம்."

இரண்டாம் பக்கத்தில் அவர்தான் முதலில் கேட்டார்: "இதுக்கு என்னம்மா அர்த்தம்?"