வெட்டிய வயர்

1976 ஜூலைக் குளிரில், லிட்கம் என்ற புறநகரில் நடந்த பயிற்சி வகுப்பில், மின்பழுது கண்டுபிடிக்கச் சொல்லிக் குணசீலனிடம் கொடுத்த கேஸ் ஹீற்றர் அவனுக்குத் தெரிந்த, தனியாக வாழ்ந்த தனலெட்சுமி அன்ரியின் வீட்டில் இருந்ததுதான். நெளிந்த மூடியைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. போன குளிர்காலத்தில் அவர், "தம்பி, ஹீற்றர் பத்துதில்லை, சரியாக் குளிருது" என்று போன் செய்தார். "நாளைக்கு வாறன் அன்ரி" என்றான். மறுநாள் போனபோது அவர் கதிரையிலேயே உயிரில்லாமல் விறைத்துப்போய் இருந்தார்.

அவர் வீட்டுச் சுவரிலிருந்த தெர்மோஸ்டாட்டுக்குப் போன வயர், ஹீற்றரை எடுத்தபோது பாதியில் வெட்டப்பட்டிருந்தது. அறை குளிர்ந்தால் தெர்மோஸ்டாட் அந்த வயரில் இணைப்பைக் கொடுக்கும், சூடானால் துண்டித்துவிடும். குணசீலன் வயரை ஹீற்றரிலிருந்து கழற்றி, மின்சோதனை மீற்றரில் மாட்டிச் சோதித்தான். மறுமுனையில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் மீற்றர் முள் இணைப்பு இருப்பதாகக் காட்டியது.

பயிற்சியாளர் ராஜரத்தினம் வேறு மீற்றர் வைத்துப் பார்த்தார். அதுவும் அப்படியே காட்டியது.

"எங்கையோ ஆருக்கோ குளிருதாம்" என்று சிரித்தார்.

குணசீலன் சிரிக்கவில்லை. ஹீற்றருக்குள் எரிந்துபோயிருந்த வேறொரு வயரை மாற்றி, தெர்மோஸ்டாட் இல்லாமல் நேரடியாகப் பத்தவைத்தான். மாலைவரை அது எரிந்தது. எல்லோரும் கோட்டைக் கழற்றினார்கள், யன்னல்களைத் திறந்தார்கள். அவன் மட்டும் வெட்டிய வயரில் மாட்டியிருந்த மீற்றரைப் பார்த்தபடி நின்றான். முள் இணைப்பிலிருந்து அசையவே இல்லை.