தொப்பி இல்லாத இடம்

"எண்ணெய் விக்கிறவனுக்கு வயிறு வளருது. உனக்கு என்ன வளருது?"

பாலேஸ்வரி கேட்டபடியே தம்பியின் தலையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். தியாகலிங்கம் குனிந்துகொடுத்தான். உச்சியில் ஒன்று, பின்னந்தலையில் இரண்டு என்று மூன்று வட்டங்களில் மயிர் அடியோடு உதிர்ந்திருந்தது. பூச்சிவெட்டு என்றார்கள். ஏழு மாதமாகக் காலைத் தேத்தண்ணியோடு அக்கா அந்த வட்டங்களைப் பார்ப்பாள். ஒரு நக்கல் சொல்லாமல் போகமாட்டாள்.

அவனிடம் ஒரு கொப்பி இருந்தது. தலையணையில் கிடந்த மயிர் எத்தனை, வட்டம் எவ்வளவு அகலம் என்று தேதி போட்டு எழுதிவந்தான். எழுதியதில் சந்தேகம் வந்தால் திரும்ப எண்ணுவான்.

"சோதினைக்கு இப்பிடி எழுதியிருந்தால் நீ இப்ப அரசாங்கக் கச்சேரியிலை பெரிய துரை," என்றாள் அக்கா.

ஆஸ்பத்திரி டொக்டர் ஒரு களிம்பைக் கொடுத்து, இது பூச்சியால் வருவதில்லை, உடம்பே தன் மயிர்வேரைப் பகைத்துக்கொள்கிறது, சிலருக்குத் தானாகவே திரும்ப முளைக்கும் என்று விளங்கப்படுத்தியிருந்தார். அந்தச் 'சிலருக்கு' அவனை உறுத்தியது. அதனால் மருதனார்மடத்து வைத்தியர் ஒருவரின் எண்ணெயையும் பூசினான். வெங்காயமும் தேய்த்தான். அவன் வேலை பார்த்த தபால் கந்தோரில் பக்கத்து மேசைக்காரர் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார்.

"சம்பலுக்கு இல்லாத வெங்காயம் உன்ரை மண்டையிலை. அதுக்கு மேலை ஒரு தொப்பி," என்றாள் அக்கா.

முந்திய சம்பந்தத்தைக் கெடுத்தது அந்தத் தொப்பிதான். பெண் வீட்டார் வந்தபோது அவன் அதைக் கழற்றவில்லை. பெண்ணின் மாமன் எட்டிக் கழற்றிப் பார்த்தார். வந்தவர்கள் தேத்தண்ணியைக்கூடக் குடித்து முடிக்கவில்லை.

இப்போது மயிலிட்டியிலிருந்து இராசமலரின் சம்பந்தம். முத்திரை வாங்க வரும்போது அவனைப் பார்த்துச் சிரிக்கிறவள். இதுவும் தப்பினால் தன் வாழ்நாளில் இன்னொன்று இல்லை என்று அவன் கொப்பியிலேயே எழுதிவைத்திருந்தான். தொப்பிக் கதை அவள் தகப்பன் கதிரவேலுவின் காதுக்கும் போயிருந்தது. வீட்டில் வேண்டாம், சந்நிதி கோயிலில் சந்திப்போம், முருகனுக்கு முன்னால் ஒருவனும் தொப்பியோடு நிற்க முடியாது என்று அவர் சொல்லியனுப்பினார்.

நல்ல காலம், அந்த மாதம் வட்டங்களில் பூனைமயிர் போல வெள்ளையாக ஏதோ அரும்பியது. பிறகு கறுத்தது. பிறகு அடர்ந்தது. அக்கா விரலை வைத்து அளந்தாள். அன்றைக்கு மட்டும் நக்கல் வரவில்லை.

களிம்பு வேலை செய்ததா, எண்ணெய் வேலை செய்ததா என்று தீர்மானிக்க முடியாமல் அவன் கொப்பியைப் புரட்டினான்.

"ரெண்டும் இல்லையடா விசரா," என்று அவள் சிரித்தாள். வழக்கமான இளக்காரம் என்று அவன் விட்டுவிட்டான்.

ஊரடங்கு இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை, பத்து மணிக்கு என்று ஒழுங்காகியது. அக்கா அவனை முதல் பஸ்ஸுக்கே இழுத்துக்கொண்டு போனாள். பெண் வீட்டார் வருமுன்பே போய் நிற்பது மரியாதை என்று நினைத்துக்கொண்டான். கோயிலடி ஆற்றில் முழுகி, சீப்பால் மூன்று தரம் தலை இழுத்தான். கண்ணாடியில் ஒரு வட்டமும் தெரியவில்லை. வட்டங்கள் விழுந்த பிறகு முதல்முறையாக நிமிர்ந்து நின்றான்.

அக்கா அவன் கையிலிருந்த சீப்பை வாங்கித் தன் பைக்குள் போட்டாள். மணிக்கட்டைப் பிடித்து, கோயிலின் பின்புறம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒருவர் சவரக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"டொக்டரும் வைத்தியனும் கிழிச்சவை எண்டு நினைச்சியோ? உனக்கு மயிர் முளைச்சால் ஒண்டும் விடாமல் முருகனுக்கு எண்டு நேர்ந்தது நான். குந்து, பொம்பிளை வீட்டார் வாறதுக்கிடையிலை வழிச்சுப்போடலாம்."