உள்ளதை உள்ளபடி

“இதோ பாரும்மா, என் கடையில ஒளிவு மறைவே கிடையாது. உள்ளதை உள்ளபடி போடு” என்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

வெப்சைட் செய்து தர வந்த பெண் தலையாட்டினாள். “முகவரி, விலை, போன் நம்பர் எல்லாம் ஏத்தியாச்சு சார். கடை நேரம்தான் பாக்கி.”

“காலையில ஒன்பதுல இருந்து ராத்திரி எட்டு. புதன்கிழமை லீவு. அதைக் கொட்டை எழுத்துல போடு. பன்னெண்டு வருஷமா புதன்கிழமை நான் கடை திறந்ததே இல்ல. பாவம், யாரும் வந்து பூட்டைப் பார்த்துட்டுத் திரும்பக் கூடாது பாரு!”

அரை மணி நேரத்தில் வெப்சைட் தயார். கடைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் வேலையாக மனைவிக்கு லிங்க்கை அனுப்பினார். ‘கடையைப் பத்தி எதுவுமே சொல்றதில்லைன்னு குறைப்பட்டுக்குவியே, இப்போ பார்த்துக்கோ!’

ஐந்தாவது நிமிடம் போன் அடித்தது.

“எப்படி இருக்கு?” என்றார் ஆவலாக.

“ரொம்ப நல்லா இருக்குங்க. ஒரே ஒரு சந்தேகம்” என்றாள் மனைவி, நிதானமாக. “பன்னெண்டு வருஷமா புதன்கிழமை புதன்கிழமை நான் கட்டிக் குடுக்கிற சாப்பாட்டை எங்க உக்காந்து சாப்பிடுறீங்க?”