சபையில் சொன்ன வார்த்தை

பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகள் ரூமானா கையால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று சபையில் சொன்னவர் சிதம்பரத்து அப்துல் ஹக். இன்று நடுக்குவாதத்தில் அவர் கை ஆடுகிறது. அவள்தான் கஞ்சி ஊட்டுகிறாள்.

"வாப்பா என்னை நர்ஸ்னு நெனச்சு 'சிஸ்டர்'ங்கறாங்க, டாக்டர்!" கடலூர் மருத்துவமனையில் அழுதாள் ரூமானா.

"கையை ஆட்டுற அதே புரதக் கட்டிங்க மூளையில மேல பரவினா ஞாபகமும் போகும்மா. வெளிய இருங்க, பாக்குறேன்."

டாக்டர் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார் அப்துல் ஹக்.

"ஞாபகம் நல்லாருக்கே பாய்! அப்புறம் ஏன் சிஸ்டர்?"

"சபையில சொன்ன வார்த்தை நிக்கணும்ல? சிஸ்டர் ஊட்டுனா குடிக்கலாம்." கண் கலங்கியது. "அல்ஹம்துலில்லாஹ், இந்த நோய் வரலன்னா பொண்ணு கையால கஞ்சி குடிச்சிருப்பேனா?"