மாறிப்போன நகல்கள்

லண்டனில் ஆட்கள் வீட்டிலிருக்க, அவர்களின் நகல்களே வேலைக்கும் கோயிலுக்கும் போய்வந்த காலம். மகளின் பிரசவத்துக்கு லீவு கிடைக்குமா என்ற கவலையோடு லோஜினி தன் அலுவலக நகல், கோயில் நகல் இரண்டையும் அனுப்பினாள்.

"இஞ்சேரும், ரெண்டையும் மாத்தி அனுப்பிப்போட்டீர்!" என்று கணவர் கத்தினார்.

திரையில் கோயில் நகல் மேலாளர் ப்ரூக்ஸை மூன்று முறை சுற்றித் தோப்புக்கரணம் போட்டது.

"அப்பனே, உன்னை விட்டா எனக்கு ஆர் கதி? லீவைத் தா!"

"ஐயோ, என்ர வேலை போச்சுதப்பா!" என்று லோஜினி அலறினாள்.

ப்ரூக்ஸ் கண்ணைத் துடைத்தார். தன்னை இப்படி யாருமே மதித்ததில்லை என்று, அடுத்த மாதம் முழுவதும் லீவு கொடுத்துவிட்டார்.

கோயிலிலோ, அலுவலக நகல் முருகனைக் கடிந்துகொண்டிருந்தது. "மகளின் பிரசவத்தை இழுத்தடிக்க வேண்டாம். வெள்ளிக்குள் முடித்து அறிக்கை தாருங்கள்."

வெள்ளி விடியவே பேத்தி பிறந்துவிட்டாள். லீவு தொடங்க இன்னும் மூன்று வாரம் கிடந்தது.