உறவு முறை என்ற கட்டம்

"ஒரு வருஷமா, மூணு வருஷமா, அஞ்சு வருஷமா? எத்தனை வருஷத்துக்குப் புதுப்பிக்கணும்?"

"ஒண்ணு," என்றார் அவர்.

"அஞ்சு," என்றாள் அவள்.

கவுன்ட்டர் பெண் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தாள். சலவைக் கடையின் உரிமம் அன்றோடு முடிகிறது. அலுவலகம் மூட இருபது நிமிடம்தான் இருந்தது. நாளைக் காலை உரிமம் இல்லாமல் கடையைத் திறந்தால் சீல் வைத்துவிடுவார்கள்.

"உரிமம் ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் போட முடியும்."

"அஞ்சு வருஷம் ரொம்ப அதிகம்மா. நாளைக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

"இவர் எப்பவும் இப்படித்தான். பற்பசைகூடச் சின்னதாத்தான் வாங்குவார்."

"நீ மட்டும் என்னவாம்? ஒரு பொத்தான் அறுந்தா ஒரு டப்பா பொத்தான் வாங்கிட்டு வருவ."

பின்னால் வரிசையில் நின்றவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"புது மிஷின் வாங்கி ரெண்டு மாசம்தான் ஆகுது. ரெண்டு பொண்ணுங்க நம்மளை நம்பி வேலைக்கு வர்றாங்க. வருஷா வருஷம் உங்களைத் தேடிப் பிடிச்சு, கையெழுத்து வாங்கி, இங்க வந்து நிக்க என்னால ஆகாது."

அவர் எதையோ தேடிச் சட்டைப் பையைத் தடவினார். அவள் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். அவருக்கும் அதே பவர்தான். அதைப் போட்டுக்கொண்டு கட்டண விவரத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார்.

"சரி, அஞ்சே போடுங்க. இவகிட்ட பேசி நான் என்னைக்கு ஜெயிச்சிருக்கேன்?"

"எங்க வீட்லயும் இதே கதைதான் சார்," என்று சிரித்தபடி கவுன்ட்டர் பெண் மளமளவென்று தட்டினாள். பங்குதாரர்களின் உறவு முறை என்ற கட்டம் வந்தபோது அவள் கேட்கக்கூட இல்லை. அச்செடுத்து நீட்டினாள்.

"எல்லாம் சரியான்னு பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தார். 'கணவன், மனைவி' என்ற இடத்தில் விரல் நின்றது. அவளைப் பார்த்தார். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடும்மா," என்றார். "அது போன வியாழக்கிழமை கோர்ட்ல முடிஞ்சுபோச்சு."